கிறெற்றல் மறக்கவில்லை

பழங்கதைகள் முடியும் விதத்திலே ஒரு தந்திரம் உண்டு. ஆபத்து நீங்கியவுடன் கதையும் நீங்கிவிடுகிறது. அரக்கன் மாண்டான், சிறைப்பட்டவர் மீண்டனர், பின்னர் எல்லாரும் இன்புற்று வாழ்ந்தனர் என்ற ஒரே வாக்கியத்தில் ஓர் ஆயுட்காலம் முழுவதும் அடங்கிப்போகிறது. குழந்தைக்கு அது போதும். அதற்கு உறக்கம் வரவேண்டும். அந்த வாக்கியத்துக்குப் பின்னாலே, விளக்கணைந்த வீட்டிலே, மீண்டு வந்தவர்கள் எவ்வாறு உறங்கினார்கள் என்று கேட்பவர் வளர்ந்தவரே. அவ்வாறு கேட்டதனாற் பிறந்த கவிதையொன்றை இவ்வாரம் வாசகர்களோடு சேர்ந்திருந்து சுவைக்க விரும்புகின்றேன். அமெரிக்கக் கவிஞர் லூயிஸ் குளூக் அம்மையார் எழுதிய ‘இருளில் கிறெற்றல்’ என்பதே அது.

குளூக் அம்மையார் 1943ஆம் ஆண்டு நியூயோர்க் நகரிலே பிறந்தவர். அவருடைய முதற் கவிதைத் தொகுதி 1968இல் வெளிவந்தது. நாம் பேசும் கவிதை, 1975இல் வெளியான இரண்டாவது தொகுதியாகிய ‘சதுப்புநிலத்து வீடு’ என்பதில் இடம்பெற்றது. 2020இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு அவரை வந்தடைந்தபோது அவர் பெயர் உலகெங்கும் பேசப்பட்டது. 2023இல் அவர் காலமானார். ஹோமரின் காவியத்தையும் கிரேக்க புராணங்களையும் எடுத்துக்கொண்டு, பெனலப்பியின் இல்லறப் பிணக்கையும் பாதாள உலகுக்குக் கவர்ந்து செல்லப்பட்ட பெர்செபனியின் துயரையும் பாடியவர் என்றே இலக்கிய மாணாக்கர் பெரும்பாலும் அவரை அறிவர். அப்பெரு நூல்களின் புகழொளியிலே, ஒரு பக்கத்துள் அடங்கிவிடும் இச்சிறு கவிதை சிலர் கண்ணிற் படாமற் போவதுண்டு. எனக்கோ அவரது பிற்காலக் கலை முழுவதற்கும் இதுவே விதை என்று தோன்றுகிறது.

கதை எல்லாரும் அறிந்ததே. ஆயினும், அறிந்த கதையை நாம் உற்றுப் படிப்பது குறைவு; ஆதலின் ஒருமுறை நிதானமாக நினைவுகூர்தல் நலம்.

பெருங்காடொன்றின் ஓரத்திலே ஒரு விறகுவெட்டி. நாட்டிலே கொடிய விலையேற்றம். அன்றாட உணவுக்கும் வழியில்லை. பிள்ளைகள் இருவரையும் காட்டிலே விட்டுவிடுவோம் என்று இரவிலே மனைவி சொல்கிறாள். கணவன் மறுக்கிறான், தயங்குகிறான், ஈற்றில் இசைகிறான். பசியினால் உறக்கம் கொள்ளாத பிள்ளைகள் அதனைக் கேட்டுவிடுகிறார்கள். தங்கை அழுகிறாள், அண்ணன் தேற்றுகிறான். கடவுள் நம்மைக் கைவிடமாட்டார், நீ உறங்கு என்கிறான். நிலவிலே வெள்ளிக்காசு போல மின்னும் வெண்கற்களைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, மறுநாள் வழியெல்லாம் போட்டுச் செல்கிறான். அவ்வடையாளத்தைக் கொண்டே வீடு திரும்புகின்றனர். இரண்டாம் முறை பஞ்சம் வந்தபோது தாய் கதவைப் பூட்டிவிடுகிறாள். கல் பொறுக்க வழியில்லை. ஹன்சல் பாண் துணுக்குகளைப் போடுகிறான். காட்டுப் பறவைகள் அவற்றைத் தின்றுவிடுகின்றன.

இதுவரை கதை ஹன்சலுடையது. யோசனை அவனுடையது, துணிவு அவனுடையது, ஆறுதல் மொழியும் அவனுடையதே. பாணினாற் கட்டி, கேக்கினால் வேய்ந்து, சீனியினாற் சாளரம் வைத்த அந்த வீட்டினுள் நுழைந்த பின்னரோ கதை கைமாறுகிறது. ஹன்சலைச் சூனியக்காரி கம்பிக் கதவுள்ள சிறு கூட்டில் அடைத்துவிடுகிறாள். அவனுக்கு நல்லுணவு; அவனுக்காகச் சமைத்து, நீர் சுமந்து மாய்கின்ற கிறெற்றலுக்கு நண்டுக் கோதுதான் மிச்சம். கண்பார்வை மங்கிய கிழவிக்கு விரலுக்குப் பதில் எலும்பை நீட்டி நான்கு வாரம் ஏமாற்றுகிறான் ஹன்சல். அதற்குமேல் அவனால் ஒன்றும் செய்ய இயலாது. போறணை மூட்டப்படுகிறது. உள்ளே சூடு போதுமோ பார் என்று கிழவி சிறுமியை ஏவுகிறாள். எவ்வாறு நுழைவது என்று தெரியவில்லையே என்கிறாள் சிறுமி. கிழவி தானே தலையை நீட்டிக் காட்டுகிறாள். ஒரு தள்ளு. இரும்புக் கதவு சாத்தப்படுகிறது, தாழ் விழுகிறது.

அத்தாழைப் போட்டது கிறெற்றலின் கை. உள்ளேயிருந்து வந்த ஓலத்தைக் கேட்டது அவளுடைய காது. அக்கணத்திலே ஹன்சல் கூட்டினுள் இருந்தான். இவ்வளவையும் கதை மறைக்கவில்லை, தெளிவாகவே சொல்கிறது. ஆனால் சொன்ன மாத்திரத்திலே, முத்தும் மணியும் அள்ளிக்கொண்டு வீட்டை நோக்கி ஓடத் தொடங்கிவிடுகிறது. வீட்டிலே தந்தை மட்டும் காத்திருக்கிறான். அவன் மனைவி இறந்துவிட்டாள். கவலையெல்லாம் ஒழிந்தது. அதோ ஒரு எலி ஓடுகிறது, பிடித்தவர் அதன் தோலிலே தொப்பி தைக்கலாம் என்று சிரித்துக்கொண்டு கதைசொல்லி எழுந்து போய்விடுகிறான். தாழ்ப்பாள் போட்ட அக்கை பின்னர் என்னவாயிற்று என்று ஒருவரும் வினவவில்லை.

கிறிம் சகோதரர் இக்கதையை 1812இல் முதன்முதல் அச்சிட்டபோது, பிள்ளைகளைக் காட்டுக்கு அனுப்பச் சொன்னவள் மாற்றாந்தாய் அல்லள், பெற்ற தாயே. 1840இல் வந்த நான்காம் பதிப்பிலேதான் அவள் மாற்றாந்தாய் ஆகின்றாள். வில்ஹெல்ம் கிறிம் பதிப்புக்குப் பதிப்பு இக்கதைகளை இழைத்துக்கொண்டே போனவர். 1857இல் வந்த ஏழாம் பதிப்பே இன்று நம் கையிலிருப்பது. பெற்றவள் இதைச் செய்வாளா என்ற கூச்சம் அவருக்கு வந்திருக்கவேண்டும். அதன்பின் கதையை எடுத்தாண்டோர் இன்னும் ஒருபடி சென்றனர். 1893இல் அரங்கேறிய ஹும்பர்டிங்கின் புகழ்பெற்ற இசைநாடகத்திலே தாய் சினத்திலே பிள்ளைகளைப் பழம் பொறுக்க அனுப்புகிறாள், அவ்வளவே. கைவிடுதல் என்ற கருவே அங்கு கரைந்துபோய்விட்டது. (அந்நாடகத்தின் சொற்களை எழுதியவர் இசையமைப்பாளரின் தங்கை என்பது ஒரு சுவையான செய்தி. அண்ணன் தங்கை கதைக்கு அண்ணனும் தங்கையும் உழைத்தனர்.) ஆக, நூறாண்டுக்கு மேலாகக் கதையின் முன்பாதிக் கொடுமையையே எல்லாரும் தேய்த்து மழுக்கினர். பின்பாதியிலே ஒரு சிறுமியின் கையால் நிகழ்ந்த கொலையை எவரும் தொடவில்லை. சூனியக்காரிதானே, போகட்டும் என்று விட்டனர் போலும்.

குளூக் அம்மையார் தொடங்குமிடம் அதுவே. அவருடைய கவிதையிலே கதை முடிந்து பல ஆண்டுகள் கழிந்துவிட்டன. தந்தையின் குடிசையிலே மூவரும் வாழ்கின்றனர். பசி இல்லை. பகை இல்லை, அவர்கள் சாவை விரும்பியோர் எல்லாரும் செத்தொழிந்தனர். தாங்கள் வேண்டிய உலகம் கிடைத்துவிட்டது என்று கிறெற்றலே ஒப்புக்கொள்கிறாள். ஒப்புக்கொண்டு, அடுத்த மூச்சிலேயே கிழவியின் கூக்குரலைக் கேட்கிறாள்.

அக்குரல் எவ்வழியாக வருகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். நிலவொளியிலே, சீனித் தகடொன்றின் ஊடாக வருகிறது. முதன்முறை படித்தபோது இதனை அழகிய உவமைகளில் ஒன்றாகவே கொண்டேன். மூலக் கதையை மீண்டும் எடுத்துப் பார்த்த பின்னரே அதன் கூர்மை புலப்பட்டது. பசியோடு அவ்வீட்டை அடைந்த பிள்ளைகளுள் ஹன்சல் கூரையைப் பிய்த்துத் தின்கிறான். கிறெற்றலோ சாளரத்தைத் தின்கிறாள். அவள் ஆசையோடு இருந்து தின்ற அதே சீனிச் சாளரத்தின் வழியாகத்தான் அவ்வோலம் பல்லாண்டுக்குப் பின்னரும் அவளை எட்டுகிறது. உயிர் தந்த இனிப்பும் உயிர் போக்கிய அலறலும் ஒரே தகட்டில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இதற்குக் கவிஞர் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. கதையை நன்கறிந்த வாசகரை நம்பி விட்டுவிட்டுப் போகிறார். பழங்கதையை எடுத்தாளும் கவிதைக்கு இந்த நம்பிக்கைதான் முதல் என்பேன்.

அவ்விடத்திலேயே, கடவுள் தக்க பயன் அளிப்பவர் என்னும் பொருள்பட இரு சொற்கள் வருகின்றன. யார் கூற்று அது? எரிகின்ற கிழவியின் வாயிலிருந்து எழுந்த சாபமா? தன்னைத் தேற்றிக்கொள்ளக் கிறெற்றல் சொல்லும் வேதமா? நிறுத்தக்குறி இரண்டுக்கும் இடம் தருகிறது. கடவுள் கைவிடமாட்டார் என்று ஹன்சல் அன்றிரவு சொன்ன ஆறுதலை நினைவில் வைத்துப் படிப்போருக்கு மூன்றாவது குரலொன்றும் கேட்கக்கூடும். வகுப்பிலே இதனைப் படிப்பிக்கும் ஆசிரியர், இம்மூன்றில் ஒன்றைச் சரியென்று கரும்பலகையில் எழுதிவிடாதிருப்பாராக.

இனிக் கதவுகளுக்கு வருவோம். கிறிம் கதை கதவுகளால் ஆனது எனலாம். தாய் பூட்டிய கதவு, ஹன்சலை அடைத்த கம்பிக் கதவு, கிறெற்றல் தாழிட்ட போறணையின் இரும்புக் கதவு, கடைசியிலே ஓடிவந்து திறந்த தந்தையின் வீட்டுக் கதவு. திறந்த அக்கதவைக் குளூக் அம்மையார் மீண்டும் மூடிவிடுகிறார். கவிதையிலே தந்தை கதவுக்குத் தாழிடுகிறான். தீங்கு உட்புகாமற் காக்கிறான். தாழிடுதலையும் தடுத்தலையும் குறிக்கும் ஒரே ஆங்கிலச் சொல் அவ்வரியிலே இருமுறை வருகிறது. அதே சொல் சிறைக்கம்பியையும் குறிக்கும். இது காவலா, சிறையா? தாழ்ப்பாளின் ஓசை தன் மகளுக்கு எதனை நினைவூட்டும் என்பதை அந்தத் தந்தை அறியான். அன்புள்ளவன்தான். அன்று மனைவி சொல்லுக்கு இசைந்ததற்கு இன்று இரவுதோறும் கதவடைத்துப் பரிகாரம் தேடுகிறான் போலும். அவனைக் கவிஞர் வையவில்லை. ஆனால் அவன் செய்யும் பாதுகாப்பு அவள் செய்த கொலையின் அசைவையே திரும்பத் திரும்ப நடித்துக்காட்டுகிறது.

அவ்வீட்டிலே வேறு பெண்கள் இல்லை. பெண்களின் அணைப்புக்கும் பெண்களின் நினைவுக்கும் எட்டாத தொலைவிலே வாழ்கிறோம் என்கிறாள் கிறெற்றல். தாய் இறந்தாள், கிழவி எரிந்தாள். கொடியவர் இருவரும் பெண்கள். இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அழிந்தனர் என்பதைக் கதையை ஆராய்ந்தோர் பலர் சுட்டியிருக்கின்றனர். ஆனால் அவ்வெற்றியின் விலை யாது? தந்தையும் மகனும் பெண்ணின் பேச்சே இல்லாமல் நிம்மதியாய் வாழும் வீட்டிலே ஒரு சிறுமி பெண்ணாக வளரவேண்டியிருக்கிறது. தான் வளர்ந்து ஆகப்போவது எதுவோ, அது அவ்வீட்டார் மறக்க விரும்பும் ஒன்று. கிறிம் சகோதரர் கதையிலே இச்சிக்கலின் நிழல்கூட இல்லை என்று சொல்லிவிட முடியாது. நிழல் இருந்தது, விளக்கை எவரும் அதன்பாற் கொண்டுசெல்லவில்லை.

குளூக் அம்மையார் இளம்பருவத்திலே உணவை மறுக்கும் கடும் நோயினால் வருந்தியவர். பல ஆண்டுகள் உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை பெற்றவர். இதனை அவரே தம் கட்டுரையொன்றில் எழுதியிருக்கிறார். பசியைப் பற்றிய கதையை அவர் தேர்ந்ததற்கு இதனைக் காரணமாகக் காட்டுவோர் உளர். நான் அதனை வற்புறுத்தமாட்டேன். கவிதை தன் காலிலேயே நிற்கிறது.

கவிதையின் இருதயம் ஹன்சலைப் பற்றிய பகுதியிலே இருக்கிறது. கிறெற்றல் முழுவதையும் அவனை நோக்கியே சொல்கிறாள். கோடைகாலப் பிற்பகல்களிலே அவன் அவளைப் பார்க்கும் பார்வையில், வீட்டைவிட்டு எங்கோ புறப்பட்டுப் போகும் எண்ணம் தெரிகிறது. எதுவுமே நிகழாதது போன்ற பார்வை அது. வளர்ந்த இளைஞன் ஒருவனுக்கு அது இயற்கையே. உலகம் விரிந்து கிடக்கிறது, வயிறு நிரம்பியிருக்கிறது, கதவுக்கு அப்பால் வெயில். அவனுக்குக் கதை முடிந்துவிட்டது. அவளுக்கோ, அவனுக்காகவே தான் கொன்றோம் என்ற ஒரு வாக்கியம் தொண்டையிலே நிற்கிறது. அதனை அவள் சொல்லும்போது நன்றி கேட்கும் குரலாக எனக்கு அது படவில்லை. சாட்சி கேட்கும் குரலாகவே படுகிறது. அது நிகழ்ந்தது என்று இன்னொருவர் சொன்னாற் போதும். அவ்வொருவர் அவன் மட்டுமே. வேறு எவரும் அங்கு இருந்திலர். அவனோ கூட்டினுள் இருந்தவன், கண்ணாற் கண்டவன் அல்லன், காப்பாற்றப்பட்டவன். ஒருவரைக் காப்பாற்றியவர்க்கும் காப்பாற்றப்பட்டவர்க்கும் நினைவு ஒரே அளவாய்ப் பகிரப்படுவதில்லை என்ற கசப்பான உண்மையை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன கவிதை வேறொன்றை நான் அறியேன்.

இக்கவிதையை உயர்தர வகுப்பு மாணாக்கர் சிலரோடு படித்தபோது, ஒருத்தி எழுந்து, ஹன்சல் ஏன் ஒன்றும் பேசவில்லை என்று கேட்டாள். அரிய கேள்வி. அவன் மறந்துவிட்டான் என்பது கிறெற்றலின் கூற்று. கவிதை அதற்கு வேறு சான்று தரவில்லை. தந்தையும் மறந்தான் என்கிறாள். மறந்தவன் இரவுதோறும் எதற்காகத் தாழிடுகிறான்? ஒருவேளை அவ்வீட்டில் மூவருமே மறவாது, மூவருமே வாய்திறவாது இருக்கின்றனரோ? தான் கம்பிக்குப் பின்னே கையாலாகாது நின்ற நாளை நினைக்க அஞ்சித்தான் அண்ணன் வெளியேற விழைகிறானோ? மாணவியின் கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை. அன்று மணியடித்த பின்னரும் ஒருவரும் எழுந்து போகாதிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

இக்கவிதையைப் பற்றிப் பேசுவோர் தவிர்க்க இயலாத வேறொரு விடயம் உண்டு. கிழவியின் நாக்கு வாயுவாய்ச் சுருங்குகிறது. போறணை, கோபுர முனைகளையுடைய சூளையாகப் பளபளக்கிறது. காட்டு மரங்கள் படைக்கலம் ஏந்தி நிற்கின்றன. நிசப்தத்திலே ஒற்றர்கள் சீறுகின்றனர். ஜேர்மனியக் கதையொன்றிலே, யூதக் குடும்பத்தில் 1943இல் பிறந்த கவிஞர் ஒருவர், இச்சொற்களை அறியாது இட்டார் என்று எவரும் நம்பார். நாஜிகளின் கொலைமுகாம்களுக்குப் பின்னர் போறணை என்ற சொல்லும் வாயு என்ற சொல்லும் ஐரோப்பிய மொழிகளில் பழைய குற்றமற்ற பொருளோடு மீளவில்லை. கிறிம் கதையைக் குழந்தைக்குப் படித்துக்காட்டும் தாய்கூட அவ்விடத்தில் ஒரு கணம் தடுமாறுவாள்.

எனினும், இக்கவிதை அப்பேரழிவின் உருவகமே என்று முடிபு கட்டுவோரோடு நான் உடன்படேன். உருவகமாயின் பாத்திரங்கள் தத்தம் இடத்திற் பொருந்தவேண்டும். இங்கு போறணையில் எரிந்தவள் கொலைகாரி; தாழிட்டவள் இரையாக இருந்த சிறுமி. ஒன்றுக்கொன்று வைத்துப் பார்த்தால் கணக்கு உதைக்கும். கவிஞர் வேண்டியதும் அவ்வுதைப்பே என்று எண்ணுகிறேன். பாதிக்கப்பட்டவர் தம் கையைப் பார்த்து அஞ்சும் நிலை ஒன்று உண்டு. தற்காப்புக்காகவே செய்ததாயினும், செய்த முறை பகைவனின் முறையை ஒத்திருந்துவிட்டதே என்ற அச்சம் அது. நீதி அவள் பக்கம் என்று எல்லாரும் சொல்வர். நீதி பக்கத்தில் இருப்பதனால் உறக்கம் வந்துவிடுவதில்லை.

கதை முடிந்த இடத்தில் தொடங்கும் இம்முறைக்கு நம் மொழியிலே நேரான ஒப்புமை உண்டு. புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘சாப விமோசனம்’ என்னும் சிறுகதையை இலக்கிய மாணாக்கர் அறிவர். அகலிகை கல்லினின்று பெண்ணான கணத்தோடு புராணம் நின்றுவிடுகிறது. அவர் அதற்கப்பால் நடக்கிறார். சாபம் உடலை விட்டது, உள்ளத்தை விடவில்லை. சீதையும் தீக்குளிக்க நேர்ந்தது என்று கேட்டபோது அகலிகை மீண்டும் கல்லாகின்றாள். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதினார் என்று யாரும் சொல்லார். ஆயினும் இரு படைப்புகளிலும் தீ ஒன்று எரிகிறது. இரண்டிலும் மீட்சி என்று ஊரார் கொண்டாடியதை மீண்டவளே ஏற்கவில்லை.

பழங்கதையை இவ்வாறெல்லாம் குடைந்தால் அதன் அழகு கெட்டுவிடாதா என்று கேட்பவர் இருக்கின்றனர். கேள்வி நியாயமானதே, கெடுத்தவர்களும் உண்டு. குளூக் அம்மையாரின் தொகுதிக்கு நான்கு ஆண்டு முன்னர், 1971இல், ஆன் செக்ஸ்டன் என்னும் மற்றோர் அமெரிக்கக் கவிஞர் கிறிம் கதைகள் பதினேழை எடுத்துக் கவிதையாக்கினார். ‘உருமாற்றங்கள்’ என்பது நூலின் பெயர். துணிவும் நகைச்சுவையும் மிக்க நூல். அதனைக் குறைத்துப் பேச நான் துணியேன். ஆனால் அங்கே கதைசொல்லி கதைக்கு மேலே நின்று, கையைத் தட்டிச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். நாமும் சிரிக்கிறோம், சிரித்த பின் கதை சிறுத்துவிடுகிறது. குளூக் அம்மையார் மேலே நிற்கவில்லை. கதையினுள்ளே புகுந்து, கிறெற்றலின் அருகே இருளில் அமர்ந்துவிடுகிறார். கதையில் உள்ள எதனையும் அவர் பொய்யென்று சொல்லவில்லை. சூனியக்காரி சூனியக்காரியே, போறணை போறணையே. உண்மையென்று முழுதும் நம்பியதனாலேதான் அதன் விளைவையும் அவரால் நம்ப முடிந்தது.

இத்தொகுதி வெளிவந்த மறு ஆண்டு, 1976இல், புறூனோ பெற்றல்ஹைம் என்னும் உளவியலாளர் தேவதைக் கதைகளின் பயன் குறித்துப் பேர்பெற்ற நூலொன்றை வெளியிட்டார். 1938–39இல் இரு நாஜி முகாம்களிற் சிறையிருந்து மீண்டவர் அவர். குழந்தை தன் அச்சங்களை வென்று முதிர்வதற்கு இக்கதைகளும் அவற்றின் இன்பமான முடிவும் உதவுகின்றன என்பது அவர் கட்சி. ஹன்சலும் கிறெற்றலும் வீடு திரும்பும்போது முன்னிலும் வளர்ந்தவராய்த் திரும்புகின்றனர் என்று அவர் காட்டுகிறார். குழந்தையைப் பொறுத்தவரை அவர் சொல்வதை நான் மறுக்கவில்லை. கிறெற்றலைப் பொறுத்தவரை அவர் எதனைச் சொல்லியிருப்பார் என்று சிலவேளை எண்ணிப் பார்ப்பதுண்டு.

மொழியைப் பற்றி ஒரு சொல். கவிதையில் எதுகையில்லை, அலங்காரமில்லை. சொற்கள் பெரும்பாலும் ஓரசைச் சிறு சொற்கள். குழந்தைக் கதைக்குரிய சொற்களே. கதை இறந்தகாலத்தில் நடந்தது. கவிதை நிகழ்காலத்தில் நடக்கிறது. ஈற்றிலே, நாங்கள் திரும்பி வரவேயில்லை, இன்னும் அங்கேயே இருக்கிறோம், அக்காடும் அத்தீயும் மெய், மெய் என்று அவள் அண்ணனை அழைக்கும்போது, காலவேறுபாடு முற்றாக இடிந்துபோகிறது. ‘இன்னும்’ என்பதற்கும் ‘அசைவின்மை’ என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே வேர்ச்சொல். அடுத்தடுத்த வரிகளில் இரு பொருளிலும் அது ஒலிக்கிறது. இரவின் அசைவின்மையும் அவள் வாழ்வின் அசைவின்மையும் ஒன்றாகிவிடுகின்றன. இதனைத் தமிழாக்க முயல்வோர் அவ்விடத்திலே இடறுவர். நானும் முயன்று பார்த்து, இரு சொற்களால் ஈடுசெய்து, திருப்தியின்றி ஏட்டை மூடிவைத்தேன். நம் இளங்கவிஞர் எவரேனும் இதனைச் செய்து முடித்தால் மகிழ்வேன்.

கவிஞர் எடுத்துக்கொண்டவற்றைப் போலவே விட்டுவிட்டவையும் நோக்கத்தக்கன. வெண்கற்கள் இக்கவிதையில் இல்லை. பாண் துணுக்குகள் இல்லை. வழிகாட்டிய வெண்பறவை இல்லை. கதையிலே போவதற்கும் மீள்வதற்கும் உதவிய பொருள் எதுவுமே இங்கு வரவில்லை. நிலவு ஒன்றே எஞ்சியிருக்கிறது, அதுவும் கற்களை மினுக்குவதற்கன்று. வாத்தும் இல்லை.

அவ்வாத்தைப் பற்றி வாசகர்க்கு நினைவூட்ட விரும்புகிறேன். கிறிம் சகோதரரின் முதற் பதிப்பில் அது கிடையாது, பிற்பதிப்புகளிலே சேர்ந்துகொண்டது. வீடு திரும்பும் வழியிலே பெரும் நீர்ப்பரப்பொன்று குறுக்கிடுகிறது. பாலமில்லை, ஓடமில்லை. வெள்ளை வாத்து ஒன்று நீந்தி வருகிறது. ஹன்சல் அதன்மேல் ஏறி அமர்ந்து, தங்கையையும் ஏறும்படி அழைக்கிறான். வேண்டாம், இருவரும் ஏறினால் அதற்குப் பாரமாகிவிடும், ஒருவர்பின் ஒருவராகப் போவோம் என்கிறாள் கிறெற்றல். காட்டிலே விடப்பட்ட நாள்முதல் ஒன்றாகவே நடந்தவர்கள் அங்குதான் முதன்முறையாகத் தனித்தனியே பயணம் செய்கிறார்கள். அண்ணன் அக்கரை சேர்ந்தபோது, தங்கை இன்னும் காட்டின் பக்கத்துக் கரையிலே நிற்கிறாள். வாத்து திரும்பி வந்து அவளையும் ஏற்றிச் சென்றது என்று கதை சொல்கிறது.